வெற்றிடத்தில் காப்பானின் மேற்பரப்பு மின்முறிவு: முதல் சோதனைக்குப் போகிறவர்களுக்கு

வெற்றிடத்துக்குள் இரண்டு மின்வாய்களுக்கு நடுவே ஒரு பீங்கான் துண்டையோ பிளாஸ்டிக் துண்டையோ நிறுத்தி உயர் மின்னழுத்தம் கொடுத்தால், பெரும்பாலும் முதலில் தோற்பது வெற்றிடம் அல்ல, அந்தத் துண்டின் உட்பகுதியும் அல்ல. இரண்டுக்கும் எல்லையாக இருக்கும் மேற்பரப்புதான். காப்பான் இல்லாத வெறும் இடைவெளி தாங்கும் மின்னழுத்தத்தை, அதே இடைவெளியில் காப்பானை வைத்தபின் எட்டவே முடியாமல் போவது வழக்கம். இதைத்தான் ஆய்வகங்களில் ஃபிளாஷ்ஓவர் என்கிறார்கள். எக்ஸ்-கதிர்க் குழாய், எலக்ட்ரான் துப்பாக்கி, முடுக்கி, வெற்றிடச் சுவிட்ச் என்று எதைச் செய்தாலும் இந்தச் சிக்கல் வந்து நிற்கும்.

இந்த வேலையைத் தொடங்கியபோது எனக்குக் கிடைத்ததெல்லாம் கோட்பாட்டுக் கட்டுரைகள்தான். எதை முதலில் ஆர்டர் செய்வது, எந்தத் தாளில் யார் கையெழுத்து வேண்டும், எங்கே நாள் வீணாகும் என்று வரிசையாகச் சொல்ல ஆள் இல்லை. நீங்களாவது அப்படி அலையாமல் இருக்க இதை எழுதுகிறேன். சில பத்து கிலோவோல்ட் வரை, கைக்கு அடக்கமான மாதிரிகளில் சோதனை செய்யப் போகிறவரை மனதில் வைத்தே எழுதியிருக்கிறேன்.

1. கேள்வியை ஒரே பக்கத்தில் எழுதுங்கள்

"இந்தக் காப்பான் எத்தனை கிலோவோல்ட் தாங்கும்?" என்பது முழுமையான கேள்வி அல்ல. டிசியா, மைக்ரோவினாடித் துடிப்பா, நானோவினாடித் துடிப்பா? புதிய மாதிரியின் முதல் முறிவு வேண்டுமா, பல முறிவுகளுக்குப் பிறகு நிலைக்கும் மதிப்பு வேண்டுமா? இல்லை, குறிப்பிட்ட மின்னழுத்தத்தில் முறியாமல் மணிக்கணக்கில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டுமா? ஒரே துண்டுக்கு இந்தக் கேள்விகள் ஒவ்வொன்றும் வெவ்வேறு எண்ணைத் தரும். வித்தியாசம் இரு மடங்கைத் தொட்டாலும் வியப்பதற்கில்லை.

மாதிரிகளின் எண்ணிக்கையையும் இங்கேயே முடிவு செய்யுங்கள். மேற்பரப்பு முறிவு என்பது நிகழ்தகவு சார்ந்த விஷயம். ஒரு துண்டை மட்டும் சோதித்து வந்த எண்ணை நம்பி எதையும் வடிவமைக்க முடியாது. ஒவ்வொரு வகைக்கும் குறைந்தது ஐந்து துண்டுகள் வேண்டும். முறிவு மதிப்புகள் எப்படிச் சிதறுகின்றன என்று காட்டும் வெய்புல் பரவலில் (ஒரு புள்ளியியல் பரவல்) வரைந்து பார்க்க விரும்பினால் பத்துக்கு மேல் வேண்டும்.

2. காகித வேலையை முதல் நாளே தொடங்குங்கள்

இதைக் கடைசிக்குத் தள்ளுபவர்கள்தான் அதிகம். வெற்றிடக் கலம் தயார், மாதிரி தயார், கையெழுத்துக்காகக் காத்திருப்பு என்ற நிலை வந்தால் மனம் வெறுத்துப் போகும். பெரும்பாலான நிறுவனங்களில் மூன்று தாள்கள் தேவைப்படும்: உயர் மின்னழுத்த வேலைக்கான இடர் மதிப்பீடு, கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலரின் ஒப்புதல், மின்னழுத்தப் பகுப்பானுக்கும் (உயர் மின்னழுத்தத்தை அளவிடக்கூடிய அளவுக்குக் குறைத்துத் தரும் கருவி) அழுத்தமானிக்கும் அளவுத்திருத்தச் சான்றிதழ்.

கதிர்வீச்சு இங்கே எங்கிருந்து வந்தது என்று நினைக்க வேண்டாம். கேத்தோடிலிருந்து கிளம்பும் எலக்ட்ரான்கள் ஆனோடில் மோதும்போது எக்ஸ்-கதிர் பிறக்கிறது. 30 கிலோவோல்ட் கொடுத்தால் 30 கிலோ எலக்ட்ரான்வோல்ட் வரை ஆற்றலுள்ள ஒளியன்கள் வரும். அந்த ஆற்றலில் 3 மி.மீ. எஃகுச் சுவர் ஏறக்குறைய எல்லாவற்றையும் விழுங்கிவிடும். ஆபத்து கண்ணாடிச் சாளரத்தில்தான். அதற்கு ஈயக் கண்ணாடி மூடி போடுங்கள், அல்லது கேமராவை வைத்துவிட்டு முகத்தை அங்கே கொண்டுபோகாமல் இருங்கள். மின்னழுத்தம் 100 கிலோவோல்ட்டை நெருங்கினால் அதே 3 மி.மீ. சுவர் போதவே போதாது, தனிக் கவசம் வேண்டும். 10 கிலோவோல்ட்டைத் தாண்டும் எந்தச் சோதனையையும் எக்ஸ்-கதிர் வேலையாகவே கருதுங்கள். காப்பான் முறியாமல் அமைதியாக நிற்கும்போதும் கசிவு மின்னோட்டத்தால் கதிர் வரலாம்.

துடிப்புச் சோதனை என்றால் எந்த அலைவடிவம் என்பதையும் விண்ணப்பத்தில் குறிப்பிடுங்கள். ஐஇசி 60060-1 தரநிலையில் உள்ள 1.2/50 மைக்ரோவினாடி அலைவடிவத்தை (1.2 உச்சத்துக்கு ஏறும் நேரம், 50 பாதியாக இறங்கும் நேரம்) சொன்னால் மதிப்பீட்டாளருக்கு உடனே புரியும், கேள்விகள் குறையும்.

3. பொருளும் வடிவமும்

முதல் சோதனைக்கு அலுமினா நல்ல தேர்வு. சூட்டைத் தாங்கும், சுத்தம் செய்வது எளிது, வாயு அதிகம் விடாது. ஆனால் சுட்ட பிறகு வைரக் கருவியால்தான் அதைத் தேய்க்க முடியும். செலவு ஏறுவது அங்கேதான், வாரக்கணக்கில் காத்திருப்பதும் அதற்குத்தான். வரைபடத்தில் தேவையில்லாத இடத்திலெல்லாம் நுண்ணிய அளவுப்பிழை எல்லை கேட்காதீர்கள். இரண்டு முனைத் தளங்களின் சமதளத்துக்கும் இணைத்தன்மைக்கும் மட்டும் கறாராகக் கேளுங்கள். அவசரம் என்றால் சாதாரண எஃகுக் கருவியில் கடையக்கூடிய மேக்கார் கண்ணாடிப் பீங்கான் இருக்கிறது. அதில் மூலப்பொருள் விலை அதிகம், கடைசல் செலவு குறைவு. துடிப்பு வேலைக்கு அக்ரிலிக்கும் குறுக்குப் பிணைப்புள்ள பாலிஸ்டைரீனும் நன்றாக உழைக்கும். டெஃப்ளான் பார்க்கக் கவர்ச்சியானதுதான், ஆனால் அழுத்தினால் மெல்ல வழிந்து உருமாறும். போல்ட் போட்டு இறுக்கிய இணைப்பு சில நாளில் தளர்ந்துவிடும்.

நீளத்தைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை பரவலாக உண்டு. 10 மி.மீ. துண்டு 30 கிலோவோல்ட் தாங்கினால் 20 மி.மீ. துண்டு 60 தாங்கும் என்று கணக்குப் போடுவார்கள். அப்படி நடக்காது. நேரான உருளைகளில் முறிவு மின்னழுத்தம் ஏறத்தாழ நீளத்தின் வர்க்கமூலத்தோடுதான் உயர்கிறது. நீளத்தை இரு மடங்காக்கினால் சுமார் 1.4 மடங்குதான் கிடைக்கும், அதாவது 42 கிலோவோல்ட் அளவில் நிற்கும். நீளத்தைக் கூட்டித் தப்பிக்க நினைத்தால் கலம்தான் பெரிதாகிக்கொண்டே போகும்.

அதைவிட அதிகப் பலன் தருவது சரிவு. அகன்ற அடிப்பக்கம் கேத்தோடிலும் குறுகிய முகம் ஆனோடிலும் உட்காரும்படி, அச்சுக்கு 45 டிகிரி சரிவுள்ள வெட்டுக்கூம்பாகக் காப்பானைச் செய்தால், கேத்தோடு விளிம்பில் கிளம்பும் எலக்ட்ரான்கள் மேற்பரப்பில் மோதாமல் விலகி ஓடிவிடும். குறுகிய துடிப்புகளில் இதன் பலன் கண்கூடு. டிசியில் மேற்பரப்பில் மின்னூட்டம் சேர்ந்து மின்புலத்தை மாற்றிவிடுவதால் எவ்வளவு பலன் வரும் என்று முன்கூட்டிச் சொல்வது கடினம். கூம்பைத் தலைகீழாகப் பொருத்திவிட்டால் இதே பலனை எதிர்பார்க்க முடியாது. அதனால் கேத்தோடு பக்கம் எது என்று வரைபடத்திலேயே எழுதிவிடுங்கள். இன்னொன்று: இந்த வடிவம் கேத்தோடு முனையில் மின்புலத்தைத் தணிக்கிறது, ஆனால் ஆனோடு முனையில் கூட்டுகிறது. எனவே ஆனோடு பக்கத்தைக் கவனிக்காமல் விட்டுவிடக் கூடாது.

45 டிகிரி பிளாஸ்டிக் காப்பானைத் துடிப்பில் சோதிக்கப் போகிறவர்களுக்கு துடிப்பு மின்திறன் துறையின் முன்னோடி ஜே.சி. மார்ட்டினின் அனுபவச் சூத்திரம் நல்ல தொடக்கப் புள்ளி. முறிவு மின்புலத்தைக் கிலோவோல்ட்/செ.மீ. அலகில் எடுத்து, நேரத்தின் (மைக்ரோவினாடி) ஆறாம் படிமூலத்தாலும் மேற்பரப்பின் (சதுர செ.மீ.) பத்தாம் படிமூலத்தாலும் பெருக்கினால் 175 வரும். இங்கே நேரம் என்பது மின்னழுத்தம் உச்சத்தின் 89 சதவீதத்துக்கு மேல் நிற்கும் காலம். 100 சதுர செ.மீ. பரப்பும் 1 மைக்ரோவினாடியும் என்றால் ஏறக்குறைய 110 கிலோவோல்ட்/செ.மீ.; அதையே 0.03 மைக்ரோவினாடியாகக் குறைத்தால் 200-க்குப் பக்கம் வரும். பரப்பு பத்து மடங்கானால் தாங்கும் புலம் ஐந்தில் ஒரு பங்கு குறையும். சிறிய மாதிரியில் கிடைத்த எண்ணைப் பெரிய காப்பானுக்கு அப்படியே தூக்கிப் போடக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

4. கேத்தோடும் காப்பானும் வெற்றிடமும் கூடும் இடம்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். பணத்தையும் கவனத்தையும் கொட்ட வேண்டிய இடம் இது. இதை மும்முனைச் சந்திப்பு என்று சொல்வோம்.

முறிவு நடக்கும் விதத்தைத் தெரிந்துகொண்டால் செய்ய வேண்டியது தானே விளங்கும். சந்திப்பில் மின்புலம் குவிந்து சில எலக்ட்ரான்கள் வெளியேறுகின்றன. அவை காப்பானின் மேற்பரப்பில் மோதுகின்றன. மோதிய ஒவ்வொன்றும் சராசரியாக ஒன்றுக்கு மேற்பட்ட எலக்ட்ரான்களைத் தட்டி வெளியேற்றினால், மேற்பரப்பில் நேர் மின்னூட்டம் மிஞ்சுகிறது. அந்த மின்னூட்டம் அடுத்து வரும் எலக்ட்ரான்களையும் மேற்பரப்பை நோக்கியே இழுக்கிறது. இப்படித் தத்தித் தத்தி ஆனோடை நோக்கிப் பெருகும் எலக்ட்ரான் வெள்ளம், மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் வாயுவையும் நீராவியையும் தட்டிக் கிளப்புகிறது. அந்த மெல்லிய வாயுப் படலத்தில்தான் கடைசியில் மின்வில் பற்றிக்கொள்கிறது. ஆக, நம் கையில் இருக்கும் பிடிகள் மூன்று: முதல் எலக்ட்ரான்கள் கிளம்பாமல் பார்ப்பது, கிளம்பினால் மேற்பரப்பில் மோதவிடாமல் திருப்புவது, மோதினாலும் கிளம்ப வாயு இல்லாமல் வைப்பது. சரிவு இரண்டாவதைக் கவனிக்கிறது. சுத்தமும் சூடேற்றலும் மூன்றாவதை. முதலாவது இந்தப் பகுதியின் வேலை.

இங்கே பெரிய எதிரி கண்ணுக்குத் தெரியாத இடைவெளி. காப்பானை உலோகத்தின்மேல் வைத்தால் முழுத் தளமும் ஒட்டி உட்காராது, எங்காவது சில மைக்ரான் வெற்றிடம் இருக்கும். அந்த இடைவெளியில் மின்புலம், காப்பானுக்குள் இருப்பதைப்போல ஒப்புமை விடுதிறன் (வெற்றிடத்தோடு ஒப்பிட்ட மின்காப்பு மாறிலி) எத்தனையோ அத்தனை மடங்கு ஆகிவிடும். அலுமினாவுக்கு அது 9 முதல் 10 வரை. காப்பானுக்குள் மி.மீ.க்கு 5 கிலோவோல்ட் இருந்தால் இடைவெளியில் 45-ஐத் தாண்டும். அவ்வளவு புலத்தில், உலோகத்தில் ஒரு சிறு முள் நீட்டிக்கொண்டிருந்தாலும் எலக்ட்ரான் கொட்டத் தொடங்கும். குறைந்த விடுதிறனுள்ள பொருள்கள் பல நேரம் நன்றாகத் தாங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

தீர்வுகளைச் செலவு ஏறும் வரிசையில் சொல்கிறேன். முனைகளைச் சமதளமாகத் தேய்த்து, மின்வாயையும் மெருகேற்றி, சமமான அழுத்தத்தில் பிடிப்பது அடிப்படை. அடுத்தது, இடையில் மெல்லிய இண்டியம் தகடு வைப்பது. மென்மையாக இருப்பதால் பள்ளங்களை நிரப்பிவிடும். ஆனால் இண்டியம் 157 டிகிரி செல்சியஸில் உருகிவிடும் என்பதை மறந்துவிட்டுக் கலத்தைச் சூடேற்றினால் உருகி வழிந்து காப்பானைப் பாழாக்கும். அதற்கும் மேலே, முனைத் தளங்களில் தங்கம் போன்ற உலோகத்தைப் படியவைப்பது. படலம் காப்பானோடு ஒட்டியே இருப்பதால் இடைவெளி இருந்தாலும் அதில் புலம் இருக்காது. இதைச் செய்யும்போது உலோகம் பக்கச் சுவரில் ஏறாதபடி முகமூடி போடச் சொல்லுங்கள். ஏறிய உலோகத்தின் ஒழுங்கற்ற விளிம்பே புதிய முள்ளாகிவிடும். நிரந்தரக் கருவி என்றால் மாலிப்டினம்–மாங்கனீஸ் உலோகப்படலம் போட்டுப் பற்றவைப்பது. அது முதல் சோதனைக்குத் தேவையில்லை.

இவற்றோடு சேர்த்து நான் எப்போதும் பரிந்துரைப்பது, கேத்தோடில் ஒரு பள்ளம் கடைந்து காப்பானின் முனையைச் சில மி.மீ. உள்ளே இறக்கிவைப்பது. சந்திப்பு அப்போது உலோகத்தின் நிழலில் மறைந்து, அங்கே புலம் தணிந்துவிடும். பள்ளத்தின் வாய் விளிம்பை நன்றாக உருட்டிவிடுங்கள், இல்லையென்றால் சிக்கல் சந்திப்பிலிருந்து விளிம்புக்கு இடம் மாறியிருக்கும், அவ்வளவுதான். கணினியில் மின்புலத்தை வரைந்து பார்க்க ஒரு நாள் ஒதுக்குங்கள். இலவச மென்பொருளே போதும்.

குரோமியம் ஆக்சைடு, டைட்டானியம் நைட்ரைடு போன்ற மேற்பூச்சுகள், மோதலால் மேற்பரப்பிலிருந்து தட்டி வெளியேற்றப்படும் இரண்டாம்நிலை எலக்ட்ரான்களைக் குறைக்கும். பலன் உண்மைதான், ஆனால் பூச்சு கொஞ்சம் தடித்தாலே கசிவு மின்னோட்டம் ஏறிவிடும். பூச்சில்லாத மாதிரியில் நம்பகமான எண் கிடைக்கும் வரை அந்தப் பக்கம் போகாதீர்கள்.

5. சுத்தம்

அலுமினாவை முதலில் டிடர்ஜென்ட் கலந்த நீரில் மீயொலிக் குளியல், அப்புறம் அயனி நீக்கிய நீரில் பலமுறை அலசல், அதன்பின் அசிட்டோன், கடைசியாக ஐசோப்ரொப்பனால். வசதி இருந்தால் 800 முதல் 1000 டிகிரி வரை காற்றிலேயே சில மணி நேரம் சுட்டெடுங்கள். கரிமக் கறை எல்லாம் எரிந்து போய்விடும்.

அக்ரிலிக்கை அசிட்டோன் பக்கமே கொண்டுபோகாதீர்கள், மேற்பரப்பு கரைந்து பால்போல் வெளுத்துவிடும். கடைந்த அக்ரிலிக்கில் உள் இறுக்கம் இருக்கும். ஆல்கஹால் பட்டாலும் அதில் மயிரிழை விரிசல்கள் ஓடலாம். கடைந்ததும் 80 டிகிரி அளவில் மெதுவாகச் சூடேற்றி மெதுவாக ஆறவிட்டால் இறுக்கம் தளரும். அதற்குப் பிறகு மென்மையான சோப்பு நீரும் அயனி நீக்கிய நீரும் போதும்.

சுத்தம் செய்தபின் கெடுப்பதுதான் அதிகம் நடக்கிறது. எஃகு இடுக்கியால் அலுமினாவைத் தொட்டால் சாம்பல் நிறக் கோடு விழும். அது அழுக்குக் கோடு அல்ல, பீங்கான் எஃகைச் சுரண்டி எடுத்த உலோகம், துடைத்தால் போகாது. பிளாஸ்டிக் நுனியுள்ள இடுக்கி பயன்படுத்துங்கள். மாதிரிக்கு எண் போடப் பென்சிலைத் தொடாதீர்கள், கிராஃபைட் மின்கடத்தி. எண்ணை உறையில் எழுதுங்கள். கையுறை பவுடர் இல்லாத நைட்ரைலாக இருக்கட்டும். சிலிக்கான் கிரீஸ் அந்த மேசையிலேயே இருக்க வேண்டாம்.

6. வெற்றிடம்

எண்ணெய் இல்லாத முன்பம்பும் டர்போ பம்பும் இருந்தால் நிம்மதி. எண்ணெய்ப் பம்பிலிருந்து திரும்பி வரும் ஆவி மேற்பரப்பில் படிந்து, முறிவு விழும்போது கரியாகிவிடும். 10⁻⁵ மில்லிபாருக்குக் கீழே போகாமல் மின்னழுத்தத்தைத் தொடாதீர்கள். 10⁻⁷ கிடைத்தால் இன்னும் நல்லது. ஆனால் அழுத்தமானி காட்டும் எண்ணைவிட முக்கியம், மேற்பரப்பில் இன்னும் எவ்வளவு நீர் ஒட்டியிருக்கிறது என்பது. அறை வெப்பத்தில் நீர் மெதுவாகத்தான் விடைபெறும். வைட்டான் (ஒருவகை ரப்பர்) அடைப்பு வளையம் உள்ள கலத்தை 120 டிகிரியில் ஒன்றிரண்டு நாள் வைத்திருங்கள். உலோக வளையம் என்றால் 200-க்கு மேலும் போகலாம். அக்ரிலிக் மாதிரி உள்ளே இருந்தால் 70-ஐத் தாண்ட வேண்டாம். சூடேற்ற நேரம், ஆறும் நேரம் எல்லாம் சேர்த்தால் ஒரு மாதிரிக்கு ஏறக்குறைய ஒரு வாரம் என்றே திட்டமிடுங்கள். மின்னழுத்தம் கொடுத்துப் பார்க்கும் வேலை ஒரு பிற்பகலில் முடிந்துவிடும். நேரம் எல்லாம் காத்திருப்பில்தான். கலத்தில் மூன்று நான்கு மாதிரிகளை ஒரேயடியாகப் பொருத்தி, ஒவ்வொன்றாகச் சோதிக்கும் ஏற்பாடு செய்ய முடிந்தால், அதற்குச் செய்யும் செலவு முழுக்கத் திரும்பக் கிடைக்கும்.

மறுமுனை அடைத்த திருகுத் துளையில் சாதாரணத் திருகு போட்டால் உள்ளே சிக்கிய காற்று நாள்கணக்கில் கசிந்துகொண்டே இருக்கும். கசிவு எங்கே என்று வெளியே தேடிக்கொண்டிருப்பீர்கள். நடுவே துளையுள்ள திருகு வாங்குங்கள்.

ஆபத்தான பொறி ஒன்று: பம்பு ஓடிக்கொண்டிருக்கும்போது, "கொஞ்சம் மின்னழுத்தம்தானே" என்று கொடுத்துப் பார்ப்பது. 1 செ.மீ. இடைவெளியில் காற்றின் அழுத்தம் 0.75 மில்லிபார் அளவில் இருக்கும்போது வெறும் 330 வோல்ட்டுக்குள்ளாகவே மின்னிறக்கம் பற்றிக்கொள்ளும். அழுத்தத்தையும் இடைவெளியையும் பெருக்கிய மதிப்புக்கு ஏற்ப முறிவு மின்னழுத்தம் மாறுவதைக் காட்டும் பாஷென் வளைகோட்டின் அடிமட்டம் அது. கலம் முழுக்க ஒளிர்ந்து, மாதிரியின் மேற்பரப்பு மாறிவிடும். புதிய மாதிரி என்று அதை இனி சொல்ல முடியாது. அழுத்தமானியின் தொடர்பு முனையை மின்வழங்கியின் பூட்டோடு இணைத்துவிட்டால் இந்தத் தவறு நடக்கவே முடியாது.

7. மின்சுற்று

முறிவு விழும் நொடியில் எவ்வளவு ஆற்றல் மேற்பரப்பில் கொட்டுகிறது என்பதைத் தீர்மானிப்பது மின்வழங்கி அல்ல. மாதிரிக்குப் பக்கத்தில் சேர்ந்திருக்கும் மின்தேக்குத்திறன்தான். பொதுவான கோஆக்சியல் கேபிளில் மீட்டருக்கு ஏறக்குறைய 100 பிகோஃபாரட் உண்டு. 3 மீட்டர் கேபிளை 30 கிலோவோல்ட்டுக்கு ஏற்றினால் 0.135 ஜூல். மின்வழங்கியில் மில்லிஆம்பியர் வரம்பு வைத்திருக்கிறேன் என்று நீங்கள் நிம்மதியாக இருப்பீர்கள், கேபிளில் இருக்கும் ஆற்றலோ அந்த வரம்பைக் கேட்காமலே மேற்பரப்பில் பாயும். ஆகவே தொடர் மின்தடையைக் கேபிளின் மின்வழங்கி முனையில் வைக்காமல், கலத்தின் முனையில் வையுங்கள்.

10 மெகாஓம் நல்ல தொடக்கம். முறிவு நேரத்தில் முழு 30 கிலோவோல்ட்டும் அந்த மின்தடையின் மேல் விழும்: 3 மில்லிஆம்பியர், 90 வாட். சாதாரணக் கால்வாட் மின்தடையின் மேல் மின்பொறி தாவிவிடும். உயர் மின்னழுத்தத்துக்கென்றே செய்த நீண்ட மின்தடையை வாங்குங்கள், அல்லது பலவற்றைத் தொடராக இணைத்து எண்ணெயில் மூழ்க வையுங்கள்.

கசிவு மின்னோட்டத்தைப் பூமிப் பக்கத்தில் அளவிடுங்கள். முறிவில் அளவி எரிந்துபோகாமல் காக்க, அதன் குறுக்கே வாயு மின்னிறக்கக் குழாயும் டயோடுகளும் கட்டாயம் வேண்டும். முறிவின் மின்காந்தத் தொந்தரவில் டர்போ பம்பின் கட்டுப்பாட்டுப் பெட்டியும் அழுத்தமானியும் தடுமாறுவது சகஜம். பூமி இணைப்புகளை எல்லாம் குட்டையாக, அகலமான தாமிரப் பட்டையில், ஒரே புள்ளிக்குக் கொண்டுவாருங்கள்.

மாதிரி வைப்பதற்கு முன் வெறும் சோதனை ஒன்று செய்யுங்கள். மாதிரி இல்லாமல், மின்வாய்களை விலக்கி வைத்து, நீங்கள் போக நினைக்கும் மின்னழுத்தத்துக்கு இருபது சதவீதம் மேலே போய் அரை மணி நேரம் நிறுத்துங்கள். மின்னழுத்தத்தை உள்ளே கொண்டுபோகும் ஊடுகடத்தியின் காற்றுப் பக்கம் பல நேரங்களில் மாதிரிக்கு முன்பே முறியும். காற்றில் மேற்பரப்பு வழியாக மி.மீ.க்கு ஒரு கிலோவோல்ட்டைக்கூட நம்ப முடியாது. இதைத் தெரியாமல் வந்த எண்களை எல்லாம் மாதிரியின் எண்கள் என்று எழுதிவிட்டால் மொத்த வேலையும் வீண்.

8. மின்னழுத்தத்தை ஏற்றுதல்

எதிர்பார்க்கும் மதிப்பில் பாதி வரை 1 கிலோவோல்ட் படிகளாக ஏறுங்கள். அதன்பின் அரை கிலோவோல்ட் படிகள். ஒவ்வொரு படியிலும் சில நிமிடம் நின்று கசிவையும் அழுத்தத்தையும் பாருங்கள். அழுத்தம் திடீரென்று துள்ளி அடங்கினால் மேற்பரப்பில் சிறு மின்னிறக்கம் நடந்திருக்கிறது. அந்தப் படியிலேயே அமைதியாகும் வரை காத்திருங்கள். அவசரப்பட்டு அடுத்த படிக்குப் போனால் வர வேண்டிய முறிவு முன்னதாகவே வந்துவிடும்.

முதல் முறிவைத் தனியாக எழுதுங்கள். அது ஒரு மாதிரிக்கு ஒரே ஒரு தடவைதான் கிடைக்கும். அதற்குப் பிறகு வரும் முறிவுகளில் மதிப்பு படிப்படியாக உயர்ந்து ஒரு மட்டத்தில் நிற்கும். முள்களும் ஒட்டிய வாயுவும் கழன்று மேற்பரப்பு பக்குவப்படுகிறது. ஆய்வகங்களில் இதைக் கண்டிஷனிங் என்கிறார்கள். மதிப்பு உயராமல் இறங்கத் தொடங்கினால் உடனே நிறுத்துங்கள். ஆற்றல் அதிகமாகி மேற்பரப்பு சேதமாகிறது என்று பொருள். பாலிமர்களில் கரிக்கோடு விழுந்துவிட்டால் அந்தத் துண்டு முடிந்தது. கண்டிஷனிங் செய்த கலத்தைக் காற்றுக்குத் திறந்தால் பெற்ற பலனில் ஒரு பகுதி போய்விடும். உலர்ந்த நைட்ரஜன் விட்டுத் திறந்தால் இழப்பு குறையும்.

முறிவுக்கும் அடுத்த முறிவுக்கும் நடுவே எவ்வளவு நேரம் விட வேண்டும்? மேற்பரப்பில் தங்கிய மின்னூட்டம் வடியும் காலத்தைத் தன்மின்தடையையும் விடுதிறனையும் பெருக்கித் தோராயமாகப் பெறலாம். தன்மின்தடை 10¹⁴ ஓம்-செ.மீ. உள்ள அலுமினாவுக்கு ஒன்றரை நிமிடத்துக்குள். 10¹⁶ என்றால் இரண்டு மணி நேரத்துக்கு மேல். டெஃப்ளானில் 10¹⁸ என்று எடுத்தால் இரண்டு நாள். எனவே டெஃப்ளானில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்த அளவீடுகள் ஒன்றோடொன்று தொடர்பில்லாதவை அல்ல. அதே மாதிரியில் முனைவை மாற்றிப் பார்ப்பதும் இதனாலேயே குழப்பம் தரும். எதிர் முனைவுக்கு வேறு மாதிரி எடுங்கள்.

9. குறிப்பேடு

மாதிரியின் எண், பொருளின் தரமும் தயாரிப்புத் தொகுதியும், சுத்தம் செய்த விதமும் தேதியும், காற்றில் இருந்த நேரம், சூடேற்றிய வெப்பமும் காலமும், சோதனை தொடங்கும்போது அழுத்தம், தொடர் மின்தடை, கேபிள் நீளம், படி அளவு, ஒவ்வொரு முறிவின் வரிசை எண்ணும் மின்னழுத்தமும் நேரமும். இத்தனையும் இல்லாமல் வெறும் கிலோவோல்ட் எண்ணை வைத்துக்கொண்டு வேறொருவர் முடிவோடு ஒப்பிடவே முடியாது. முறிவு விழுந்த நொடியின் படத்தையும் சேர்த்து வையுங்கள். நீண்ட நேரம் திறந்து வைத்த சாதாரணக் கேமராவே ஒளிப் பாதையைப் பிடித்துவிடும்.

10. திறந்து பார்த்தல்

மின்வழங்கியை அணைத்து, பூமிக்கோலால் (பூமியோடு இணைத்த, காப்புக் கைப்பிடியுள்ள கோல்) உயர் மின்னழுத்த முனையைத் தொட்டு, கோலை அங்கேயே மாட்டிவிட்டுத்தான் கலத்தைத் திறக்க வேண்டும். பக்கத்தில் இன்னொருவர் இருக்கட்டும். காப்பானின் மேற்பரப்பும் மின்னூட்டத்தோடு இருக்கலாம். மின்தேக்கி வங்கி உள்ள துடிப்பு அமைப்பு என்றால், பூமிக்கோலை எடுத்த பிறகும் மின்தேக்கிகளில் மின்னழுத்தம் மெல்ல மீண்டும் தலைதூக்கும். அதனால் மின்தேக்கிகளின் முனைகளை ஒன்றோடொன்று இணைத்துவிடுங்கள்; வேலை முடியும் வரை அந்தக் குறுக்கிணைப்பைக் கழற்றக் கூடாது.

மாதிரியைச் சாய்ந்த ஒளியில், அப்புறம் நுண்ணோக்கியில் பாருங்கள். தடங்கள் எல்லாம் சுற்றளவில் ஒரே பக்கத்தில் கூடியிருந்தால் காப்பானைக் குற்றம் சொல்லாதீர்கள்; மின்வாய் சாய்ந்திருக்கிறது, அல்லது அந்தப் பக்கத்தில் தொடுகை சரியில்லை. கேத்தோடு முனையில் வேர்போலக் கிளைத்த தடமும் உலோகத் தெறிப்பும் இருந்தால் நான்காம் பகுதிக்குத் திரும்புங்கள். தடங்கள் சுற்றிலும் சீராகப் பரவியிருந்தால் மட்டுமே பொருளையோ சரிவையோ மேற்பூச்சையோ மாற்றுவதைப் பற்றி யோசிக்கலாம். எதை மாற்றினாலும் ஒரு சுற்றுக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள், அடுத்த சுற்றுக்கான பீங்கானை இந்தச் சுற்று முடியும் முன்பே ஆர்டர் செய்துவிடுங்கள்.